வளர்ப்பதும் விலகி நிற்பதும்

மனிதரோடு வாழும் உயிர்கள் இரண்டு வகை. நாய், பூனை, மாடு, ஆடு, கோழி ஆகியவை மனிதரின் கையை நம்பியே பிழைப்பவை. குரங்கு, கிளி, பாம்பு, மான், யானை ஆகியவை மனிதரின் கை படாதிருந்தால்தான் பிழைப்பவை. முதல் வகையைக் கைவிடுவது கொடுமை. இரண்டாம் வகையைக் கையில் எடுப்பது கொடுமை. தமிழ்நாட்டில் விலங்குகள் படும் துன்பங்களில் பெரும்பகுதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறது. வீட்டு நாயைக் காட்டு விலங்குபோல் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். காட்டுக் கிளியை வீட்டுப் பிராணிபோல் கூண்டில் அடைக்கிறார்கள். மலைப்பாதையில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறார்கள். இப்படிச் செய்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனம் படைத்தவர்களே. கெட்ட மனத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். விவரம் தெரியாத நல்ல மனத்துக்குத்தான் மேடை போட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

நாய் மனிதனோடு சேர்ந்து குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. உழவு தொடங்குவதற்கு முன்பே, ஆடும் மாடும் பட்டிக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. இத்தனை தலைமுறைகளில் ஓநாயின் தாடை வலிமையும் கூட்டு வேட்டையும் அதனிடம் குறைந்தன. மனித முகத்தைப் படிக்கும் திறமை கூடியது. ஒருவர் விரலை நீட்டினால், விரல் காட்டும் திசையைப் பார்க்கத் தெரிந்த விலங்கு அது. சிம்பன்சிக்கே அது எளிதில் வருவதில்லை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட நாய் எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளும் என்று சொல்வது மனச்சாட்சியைத் தூங்கவைக்கும் பேச்சு. நாய்க்குத் திரும்பிப் போக ஒரு காடு கிடையாது. தெருவும் குப்பைத்தொட்டியும்தான் உண்டு.

தமிழ்நாட்டுக்கென்றே பெயர் பெற்ற நாயினங்கள் நான்கு: இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. கரிசல் வெட்டவெளியில் முயலைத் துரத்தி ஓட வளர்க்கப்பட்டவை சிப்பிப்பாறையும் கன்னியும். ஒடுங்கிய வயிறு, நீண்ட கால், குட்டை மயிர். மலையடிவாரத்துக் கோம்பை காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்போனது. இராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலையே வெளிவந்தது. ஆனாலும் நகரத்து இளைஞர் கேட்பது சைபீரியன் ஹஸ்கியை. பனியில் வண்டி இழுக்க உருவாக்கப்பட்ட, இரட்டை அடுக்கு மயிர் போர்த்திய நாய் அது. நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுக்க வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையான பக் நாய்க்கு அந்த மூச்சும் ஒழுங்காக வராது. ஏ.சி. இருக்கிறதே என்பார்கள். அக்கினி நட்சத்திரத்தில் மின்சாரம் போகும் மதியம் ஒன்று வரும் என்பது நாய் வாங்கும் நாளில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

நாட்டு நாய் என்றால் கவலையில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை இரண்டு படுக்கையறை வீட்டில் கட்டிப்போட்டால் அது சோபாவைத்தான் கிழிக்கும். வெள்ளை நிறத்துக்காக இராஜபாளையத்தை நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்கும்போது காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. எந்த இனம் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் இடம் எவ்வளவு, பகலில் வீட்டில் இருப்பது யார், இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பொறுப்பு யாருடையது? தெருவில் பிறந்த குட்டியைத் தத்தெடுப்பதே பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தும். இந்த வெயிலுக்கும் இந்த மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடல் அது. காசு கொடுத்து வாங்கினால்தான் மதிப்பு என்ற எண்ணம் ஒன்றே அதற்குக் குறுக்கே நிற்கிறது.

குட்டியைத் தாயிடமிருந்து எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கக் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு, எவ்வளவு அழுத்தினால் வலி என்பதை உடன்பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடித்தான் அது கற்கிறது. முன்கூட்டியே பிரித்துக் கொண்டுவரப்பட்ட குட்டி அந்தப் பாடத்தை வீட்டுக் குழந்தையின் கையில் படிக்கும்.

உணவில் நம் வீடுகள் செய்யும் தவறு அன்பினால் வருவது: நாம் உண்பதையே அதற்கும் வைப்பது. வெறும் தயிர்சாதத்தில் நாய் உயிர் வாழும், திடமாக வாழாது. முட்டையோ கோழியோ மீனோ சேர வேண்டும். சாம்பார் சாதத்திலும் குழம்பு மிச்சத்திலும் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சர்க்கரையில்லாச் சூயிங்கம்மில் சேரும் சைலிட்டால் எல்லாம் நாய்க்கு நஞ்சு. பூனையின் கதை இன்னும் கண்டிப்பானது. அது ஊனுண்ணி, டாரின் என்ற சத்து அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைக்கும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால்கூட ஒத்துக்கொள்ளாது. சைவ வீட்டினர் பூனை வளர்க்க விரும்பினால் இதை முதலிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குக் கொடுக்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை அதன் உயிரைக் குடித்துவிடும்.

பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் கெடுவில் மறுபடி மறுபடி. குடற்புழு நீக்கமும் உண்ணி ஒழிப்பும் இதோடு சேர்ந்தவை. நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் உண்ணிக் காய்ச்சல் எத்தனையோ நாய்களைக் கொண்டுபோகிறது. குட்டி போடவைக்கும் எண்ணம் இல்லாதவர் கருத்தடை செய்துவிட வேண்டும். அதைச் செய்யத் தயங்குகிறவர்தான் பிறகு ஆறு குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்துக் கோயில் வாசலில் விட்டுவிட்டுப் போகிறார்.

அப்படி விடுவது குற்றம். விலங்குகளைப் பட்டினியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் தண்டிக்கிறது. அளவுக்கு மீறிக் குறுகிய சங்கிலியிலோ பளுவான சங்கிலியிலோ கட்டுவதும், போதிய உணவும் நீரும் தராதிருப்பதும் அதே பிரிவில் வருகின்றன. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அரசின் சட்டத்துக்கு வித்து. 1962இல் சென்னையில் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். நாட்டியத்துக்காக அவரை நினைவுகூரும் ஊர் இதற்காகவும் நினைவுகூரலாம். ஆனால் சட்டம் அன்று விதித்த அபராதம் இன்றும் அப்படியே கிடக்கிறது: முதல் குற்றத்துக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்குக்கூடக் காணாத தொகை.

கைவிடப்பட்டவையும் அவற்றின் சந்ததியும் தெருநாய்க் கூட்டத்தில்தான் போய்ச் சேர்கின்றன. இந்தப் பேச்சு வந்தவுடனே ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் பிடித்துக் கொல்லச் சொல்பவர்கள் ஒரு பக்கம், எதையும் தொடக்கூடாது என்பவர்கள் மறுபக்கம். கடிபட்ட குழந்தையின் தாயிடம் கருணையைப் பற்றி வகுப்பெடுப்பது நியாயமில்லை. கொன்றால் தீரும் என்பதும் நடந்து தோற்ற கதை. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றது. தெருக்களில் நாய் ஒழியவில்லை. காரணம் எளிது. பெண் நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறைவரை ஈனும். குப்பையில் உணவு கிடக்கிறவரை, ஒரு தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து அந்த இடத்தை நிரப்பும். வருகிற நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்காது, அந்தத் தெரு மனிதரையும் தெரியாது.

இதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடும் முறையை 1964 முதல் வலியுறுத்தி வந்தது சென்னையின் புளூ கிராஸ். விமானி கேப்டன் சுந்தரமும் அவர் குடும்பத்தாரும் 1959இல் தொடங்கிய அமைப்பு அது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. 2001இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023இல் புது விதிகள் வந்தன. அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு அடையாளமாக இருக்கும். முறை சரிதான், நடத்துவதில்தான் ஓட்டை. பத்து நாய் உள்ள தெருவில் இரண்டுக்கு மட்டும் அறுவை செய்தால் மீதி எட்டும் அடுத்த ஆண்டே எண்ணிக்கையை ஈடுகட்டிவிடும். ஒரு பகுதியை எடுத்தால் அங்குள்ள நாய்களில் பெரும்பான்மையை முடித்துவிட்டுத்தான் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். அதற்குக் கூடமும் மருத்துவரும் வண்டியும் பழகிய ஆட்களும் வேண்டும். பல நகராட்சிகளில் இவை பெயரளவில்தான் உள்ளன. இறைச்சிக் கடைக் கழிவைத் தெருமுனையில் கொட்டுகிற ஊரில் எந்தத் திட்டமும் எடுபடாது.

சோறு வைப்பவருக்கும் கடமை உண்டு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், நாய்களை அறுவைக்குப் பின் அதே இடத்தில் விடலாம், வெறிநோயுள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது, தெருவில் கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென ஒதுக்கிய இடத்தில் இட வேண்டும் என்று ஆணையிட்டது. அடுத்தவர் வீட்டு வாசலில் சோற்றைக் கொட்டிவிட்டுப் போவதில் ஜீவகாருண்யம் இல்லை. தினமும் சோறு வைப்பவரை நாய் நம்பும். அந்த நம்பிக்கையை வைத்து அதைப் பிடித்துக் கருத்தடைக்கும் ஊசிக்கும் அனுப்பிவைப்பதுதான் சோற்றைவிடப் பெரிய உதவி.

வெறிநாய்க்கடியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோய்க்கு ஏறத்தாழத் தப்பிப்பே கிடையாது; அறிகுறி தோன்றுவதற்கு முன் முறையாக மருத்துவம் செய்தால் ஏறத்தாழ எல்லோரும் பிழைக்கலாம். கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அந்த இடைவெளிதான் உயிர். கடித்த உடனே காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீர் ஓட ஓட 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் காப்பித்தூளும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயம் ஆழமாக இருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வது உண்மை. அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாம் என்பது பொய். வீட்டு நாய்தானே, குட்டிதானே, கீறல்தானே என்று விட்டவர்களும் இறந்திருக்கிறார்கள்.

குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இலேயே ஏற்பட்டது இந்த நோய்க்காகத்தான். ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் இன்னும் பலரை மருத்துவமனை வாசலில் தடுக்கிறது. அந்த மருந்து வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஊசி கையில்தான். நான்கைந்து நாள் போய் வந்தால் முடிந்தது. மனிதருக்கு வரும் வெறிநோயில் மிகப் பெரும்பகுதி நாயிடமிருந்து வருவதால், ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் நோயின் சங்கிலி அறும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாயைக் காப்பதும் மனிதரைக் காப்பதும் இங்கே ஒரே வேலை.

இனி இரண்டாம் வகை. பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது பலருக்குப் பாட்டன் காலத்து வழக்கம். மீனாட்சி கையில் இருப்பதால் மங்கலம் என்றும் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அது குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பச்சைக்கிளி, மைனா, சில்லை முதலான நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வளர்க்கவும் விற்கவும் தடை விதிக்கிறது. ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கடையில் விற்கும் பறவை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து தலைமுறைகளாகக் கூண்டில் பெருகியது; அதன் கணக்கு வேறு. பச்சைக்கிளி அப்படிக் கூண்டில் பிறந்து வருவதில்லை. மரப்பொந்தில் கண் திறக்காத குஞ்சாக எடுக்கப்பட்டு, கூடை கூடையாகக் கடத்தப்பட்டு, வழியில் செத்தவை போக மிஞ்சியது விற்பனைக்கு வருகிறது. வீட்டில் ஒரு கிளி இருக்கிறதென்றால் வழியில் எத்தனையோ கிளிகள் இறந்திருக்கும்.

மனம் மாறியவர் கூண்டைத் திறந்துவிட்டால் பாவம் கழிந்துவிடாது. ஆண்டுக்கணக்கில் பறக்காத கிளிக்குச் சிறகில் வலு இருக்காது, இரை தேடத் தெரியாது, காக்கை கொத்தும். வனத்துறையிடம் ஒப்படைத்தால் பழக்கி விடுவார்கள். நட்சத்திர ஆமைக்கும் இதே கதை. வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கைக்காகப் புதர்க்காட்டிலிருந்து பிடிக்கப்படுகிறது. 2019இல் அதன் பன்னாட்டு வணிகம் அறவே தடை செய்யப்பட்டது. மீன்தொட்டிக் கடையில் ரூபாய் நாணயம் அளவில் விற்கும் சிவப்புக்காது ஆமை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்துப் பிராணி. அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். இருபது முப்பது ஆண்டு வாழும். தொட்டி போதாமல் போனதும் புண்ணியம் என்று கோயில் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது நம் நாட்டு ஆமையின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. ஓர் உயிரை விடுதலை செய்து ஒரு குளத்தைக் கெடுப்பது நடக்கும்.

இதோடு சேர்ந்தது, தாயில்லாக் குட்டி என்று தூக்கிவருவது. கரும்புத் தோட்டத்தில் தனியே கிடக்கும் சிறுத்தைக்குட்டியையும், புல்லில் பதுங்கியிருக்கும் மான்குட்டியையும் தாய் பெரும்பாலும் விட்டுப் போயிருக்காது. இரை தேடிப் போயிருக்கும். எடுத்துவந்த நொடியில்தான் அது அனாதையாகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை மீண்டும் கூட்டிலோ அருகில் கட்டிய கூடையிலோ வைத்துவிட்டு ஒதுங்கினால் தாய் வரும். மனிதக் கை பட்டால் சேர்க்காது என்பது கட்டுக்கதை.

குரங்குக்குச் சோறிடும் பழக்கம் தீங்கு என்று சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். அனுமாருக்குப் போடுவதாகத்தான் நினைக்கிறார்கள். இலை, காய், பூச்சி என்று நாளெல்லாம் அலைந்து தின்னும் நாட்டுக்குரங்கு, சாலையோரத்தில் ஒரு மணி நேரத்தில் வயிறு நிரம்பினால் காட்டுக்குள் ஏன் போகும்? சாலையில் உட்காரும், வண்டியில் அடிபடும். கொடுக்காதவரிடம் பறிக்கும், பறிக்கையில் கடிக்கும். கண்ணோடு கண் வைத்துப் பார்ப்பது குரங்குக்குச் சவால். சுற்றுலா வந்தவர் செல்ஃபிக்காக அதைத்தான் செய்கிறார். ஊரார் புகார் கொடுக்க, கூண்டு வைத்துப் பிடித்து வேறு மலையில் விடுகிறார்கள். அந்த மலையின் குரங்குக் கூட்டத்தோடு சண்டை, பக்கத்து ஊரில் புதுப் புகார். இடம் மாறியது பிரச்சினை மட்டுமே.

யானையின் அளவில் இதே பிழை எப்படி முடியும் என்பதற்கு நீலகிரியில் ஒரு சான்று உண்டு. மசினகுடிக்கு அருகே வாழைத்தோட்டம் பகுதியில் ரிவால்டோ என்று மக்கள் பெயர் வைத்த காட்டு யானை ஒன்று திரிந்தது. தும்பிக்கையில் காயம்பட்டு இரை எடுக்கத் திணறிய யானை அது. இரக்கப்பட்டுப் பழம் கொடுத்தார்கள். அதுவும் வந்து வந்து வாங்கிக்கொண்டது. நாளடைவில் அது வீடுகளையும் விடுதிகளையும் சுற்றியே நின்றது. 2021 மே மாதத்தில் பழத்தைக் காட்டியே அதைக் கரால் என்னும் மரக்கொட்டிலுக்குள் வரவழைத்து, மருத்துவம் செய்து, ஆகஸ்டில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் தொலைவில் கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிவிட்டது. காட்டு யானையாகவும் இல்லாமல் முகாம் யானையாகவும் இல்லாமல் நடுவில் நின்ற அதற்கு ஊர்ப்பக்கம்தான் வீடு என்று ஆகியிருந்தது. அதே மசினகுடியில், அதே ஆண்டு ஜனவரியில், விடுதிப் பக்கம் வந்த மற்றொரு யானையின் மேல் தீ வைத்த பொருளை வீசினார்கள். காது கருகி, அது இறந்தது. பழத்தைக் கொடுத்த கையும் தீயை வீசிய கையும் வேறு வேறு ஆட்களுடையவை. ஆனால் மனிதரிடம் அச்சம் தெளிந்த யானைக்கு எந்தக் கை எது என்று தெரிவதில்லை.

அரிக்கொம்பனைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்று பழகிய யானை. 2023 ஏப்ரலில் கேரள வனத்துறை பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டது. மே மாதக் கடைசியில் அது கம்பம் நகரத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்தில் மறுபடி மயக்க ஊசி, மறுபடி லாரி, இந்த முறை களக்காடு முண்டந்துறை. வேகவைத்த அரிசியின் ருசியையும் மூட்டை அரிசியின் இருப்பிடத்தையும் அறிந்த யானையை லாரியில் ஏற்றி மறக்கச் செய்ய முடியாது. கிடங்கை வலுவாகக் கட்டுவதும், யானை வழியில் அரிசி வைக்காதிருப்பதும் இதைவிட மலிவு.

சரியாகச் செய்த இடமும் இருக்கிறது: வால்பாறை. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் தேயிலை மேடு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். வெள்ளைக்காரர் காட்டை வெட்டித் தேயிலை போடுவதற்கு முன்பிருந்தே யானைகள் நடந்த வழி அது, இன்றும் நடக்கின்றன. அங்கே நேர்ந்த மனித இறப்புகளை ஆராய்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. யானை தேடிவந்து கொன்றது அரிது. மாலையிலும் இரவிலும் அது அங்கே நிற்பது தெரியாமல் மனிதர் நேர் எதிரே போய் விழுந்ததே பெரும்பாலும் காரணம். ஆகவே வேலி போடுவதைவிடச் செய்தி சொல்வது உதவும் என்று ஆனந்தகுமார் என்ற ஆய்வாளரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பில் அவரோடு பணியாற்றியவர்களும் வனத்துறையோடு சேர்ந்து முடிவு செய்தார்கள். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்பது மாலையில் கேபிள் டி.வி.யில் வரியாக ஓடியது. தொழிலாளரின் கைப்பேசிக்குத் தமிழில் குறுஞ்செய்தி போனது. உயரமான இடங்களில் கைப்பேசி அழைப்பால் எரியும் சிவப்பு விளக்குகள் நிறுவப்பட்டன. விளக்கு எரிந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றில் யானை என்று பொருள். ஒவ்வொரு விளக்கையும் உள்ளூர்க்காரரே போடுகிறார், அணைக்கிறார். இறப்புகள் குறைந்தன. 2015இல் இந்தப் பணிக்கு விட்லி விருது கிடைத்தது. அதே வால்பாறையில் புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். தின்பண்டம் எறிவதைவிடப் பாலம் கட்டுவது அன்பு என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

விலகி நின்று வாழ்வது நம் ஊர்களுக்குப் புதிதும் அன்று. வேடந்தாங்கல் மக்கள் ஏரிப் பறவைகளைச் சுடவிடாமல் காக்க 1798இலேயே கலெக்டர் லயோனல் பிளேசிடம் ஆணை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்தியும் உண்டு, கணக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்ததால்தான் அது நிலைத்தது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்ப் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைக்கு அந்த ஊர் எதையும் ஊட்டுவதில்லை. ஒரு சத்தத்தை விட்டுக்கொடுக்கிறது.

கடைசியாக, யாரும் இரக்கப்படாத உயிர்: பாம்பு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அந்த எண்ணிக்கைக்கு முன் பாம்பின்மேல் அன்பு காட்டு என்று சொல்லிவிட்டு இறங்கிப்போக முடியாது. இந்த இறப்புகளில் பெரும்பகுதிக்குக் காரணமானவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை முதலான பெரும்பாலான பாம்புகளுக்கு மனிதரைக் கொல்லும் நஞ்சு இல்லை. அவை எலி பிடிப்பவை. குப்பையும் தானியச் சிதறலும் எலியை அழைக்கின்றன, எலி பாம்பை அழைக்கிறது. வீட்டைச் சுற்றி விறகும் செங்கல்லும் குவியாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இரவில் நடக்க டார்ச் விளக்கு வேண்டும். தரையில் படுப்பவர் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கட்டுவிரியனிடமிருந்து தப்பலாம். தூங்குகிறவரைக் கடிக்கும் பாம்பு அது, வலியும் பெரிதாகத் தெரியாது, தடமும் தெரியாது. விடியற்காலை வயிற்றுவலியும் இமை சரிவும்தான் காட்டிக்கொடுக்கும். வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்கப் போகும்போதுதான் பலர் கடிபடுகிறார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழைப்பது கருணைக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

கடிபட்டவரைக் காப்பாற்றும் மருந்தும் பாம்பிடமிருந்தே வருகிறது. பாம்புத் தோல் வணிகம் 1970களில் தடைசெய்யப்பட்டபோது வாழ்வு முட்டிப்போன இருளர் பழங்குடியினர், 1978இல் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நான்கு வகைப் பாம்புகளையும் உரிமத்தோடு பிடித்துவந்து, மண்பானையில் வைத்து, மூன்று வாரத்தில் நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளே நஞ்சுமுறி மருந்து. தோலுக்காகக் கொன்ற கை, நஞ்சுக்காகப் பிடித்து விடும் கையாக மாறியது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

மருந்து இருந்தும் சாவு குறையாததற்குக் காரணம் நேரம். கடித்த இடத்தை வெட்டுவதும், வாயால் உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும், மந்திரிக்கப் போவதும் நேரத்தையும் சதையையும் சேர்த்து இழக்கவைப்பவை. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, மோதிரம் கொலுசைக் கழற்றி, 108ஐ அழைத்து, நஞ்சுமுறி உள்ள அரசு மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோக வேண்டும். எந்தப் பாம்பு என்று பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. மருந்து அந்த நான்குக்கும் பொதுவானது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. இனி அரசு, தனியார் மருத்துவமனைகள் எல்லாம் ஒவ்வொரு கடியையும் இறப்பையும் பதிவு செய்து தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில் கடி மிகுகிறது என்ற கணக்கு சேர்ந்தால், ஆரம்ப சுகாதார நிலையம்வரை மருந்தைத் தேவைக்கேற்ப இருப்பு வைக்கலாம்; கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு மூன்று மருத்துவமனை அலைவதும் குறையும்.